என் மேல் நீங்கள் கட்டிய பிராது

லோடு வண்டியும் வாயும் ஒருசேர ஓடிக்கொண்டிருந்த என் ஆசை வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமலும் இருக்க முடியவில்லை. இங்கே நானும் நம் தேனுவும் இருக்கிறோம். அவள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள், உங்களைப் போலவே வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறாள். உங்கள் வண்டியைச் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். போன வாரம் நம் ஊர்ப் பாலக்கரையில் என்னைத் தாண்டிப் போனது. பெயிண்ட் மாறிவிட்டது, ஹாரன் மட்டும் அதேதான். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நம் சண்டையை முடித்தாக வேண்டும். நாம் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும் என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நான் பல் செய்கிறவள். என்னோடு நம் ஊரில் பீங்கான் படிப்புப் படித்தவர்கள் இன்சுலேட்டர் செய்யவும் பொம்மை செய்யவும் போனார்கள். நான் பாண்டிச்சேரியில் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு, பீங்கான் பல் செய்ய லேபில் உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “அப்ப எனக்குப் பல்லு போனா செலவில்லதான?” என்பதுதான். கடைசியில் நாற்பதுகூட ஆகாமல், எல்லாப் பற்களோடும் போய்விட்டீர்கள். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பல் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று மெல்பர்னில் இருக்கும் என் அண்ணன் போனில் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். பாண்டிச்சேரி ஏஜெண்ட் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, நாடு முழுக்கப் பொதுவான வழி. அதற்கு மார்க்கு நிறைய வேண்டும், நான் இங்கிலீஷ் பரீட்சையை மறுபடி எழுத வேண்டும், வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்துவிட்டால் நிரந்தரம். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கலாம்.

இன்னொன்று வட்டார வழி. ஆள் கிடைக்காத சின்ன ஊர்ப் பக்கம் போகச் சம்மதித்தால் அந்த மாநிலமே நம்மைக் கூப்பிடும். மார்க்கு குறைந்தாலும் பரவாயில்லை, சீக்கிரமும் வரும். ஆனால் விசா மூன்று வருஷத்துக்குத்தான். அதில் இரண்டு வருஷம் அந்த வட்டாரத்திலேயே இருந்து, வேலையும் பார்த்திருந்தால்தான் நிரந்தரம் கேட்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எனக்குப் பொது வழி. உங்களுக்கு வட்டார வழி. ஏஜெண்ட் வரைபடத்தில் விரல் வைத்த மில்டுரா என்ற ஊரை நீங்கள் அன்றைக்கே பிடித்துக்கொண்டீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே பேச்சு.

“ஆறு ஓடுதாம். தெராட்சையும் ஆரஞ்சும் வெளையுதாம். வெயிலு நம்ம ஊரு மாதிரியே கொளுத்துதாம். நமக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்குது.”

“அங்க நமக்கு யாருங்க இருக்காங்க?”

“நான் விருத்தாசலத்துல பொறந்தப்ப மட்டும் எனக்கு யாரத் தெரியும்?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்குகிற இடத்தின் பெயரும் அங்கே நிற்கப்போகிற ஆளின் பெயரும் தெரியாமல் ஒரு லோடுகூட ஏற்ற மாட்டீர்கள். பீங்கான் சரக்கு, வழியில் அலைந்தால் உடையும் என்பீர்கள். திட்டக்குடியானாலும் திருச்சியானாலும் இறக்கி முடித்ததும் வீட்டுக்குப் போன் வந்துவிடும்: “லோடு எறங்கிடுச்சு.” வேறு ஒரு வார்த்தை இருக்காது, வைத்துவிடுவீர்கள். அதே கணக்கை என் விசாவுக்கும் போட்டீர்கள். “ஒன்னோட பொது வழில எறக்குற எடமே இல்லியே. நாடு பூரா எங்க வேணா போலாம்னா, எங்க போறது?”

நான் இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்தேன். பொறுத்துப் பார்த்த நீங்கள் ஒருநாள் நேராக மணவாளநல்லூர் முருகன், நம் கொளஞ்சியப்பரிடம் போய்விட்டீர்கள்.

நம் பக்கத்து ஜனங்கள் எதற்கு அங்கே பிராது கட்டுவார்கள்? பணத்தை ஏமாற்றியவன் மேல், ஆட்டைத் திருடியவன் மேல் காகிதத்தில் எழுதி, கோயிலுக்குள் இருக்கும் முனியப்பர் எதிரில் கட்டிவிட்டு வருவார்கள். எதிராளியின் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, சாமி போய்வர வழிச்செலவும் கட்டுவார்கள். நீங்கள் கட்டிய பொண்டாட்டி மேல் கட்டினீர்கள்! முடிவு சொல்லாமல் இழுத்தடிக்கிறாள் என்று. போதாததற்கு வீட்டுக்கு வந்து அதை என்னிடமே நடித்தும் காட்டினீர்கள்.

“எதிராளி எந்த ஊருப்பா?” என்றாராம் சீட்டுக் கொடுப்பவர்.

“இதே ஊருதாங்க. ஆனா சாமிக்கு மில்டுராவுல வேல இருக்குது. அவ வர்றதுக்குள்ள அங்க போயி எல்லாம் சரியா இருக்குதான்னு பாக்கணும்.”

“மில்டுரா எங்க இருக்குது, ஸ்ரீமுஷ்ணம் பக்கமா?”

“ஆஸ்திரேலியாங்க.”

“அடேங்கப்பா! அதுக்கு எத்தினி கிலோமீட்டர்னு போடுறது?”

“சென்னை வரைக்கும் போட்டுக்குங்க. அதுக்கு மேல மயிலு இருக்குது.”

தேனு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மேலேயே பிராதா? பேசுவதை நிறுத்தினேன். வேண்டுமென்றே உப்பில்லாமல் ரசம் வைத்தேன். நீங்கள் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு “அருமையா இருக்குது” என்றீர்கள்.

அந்தச் சண்டை ஆறவில்லை. தொழிற்பேட்டையில் வைக்கோல் வைத்துச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படிப் போகலாமா? எறக்குற எடத்தை யாரிடம் கேட்டீர்கள்?

அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அண்ணன் போனில் அழுதார். “கொழந்தய வச்சிக்கிட்டு தனியா ஒரு பொம்பள, மூணு வருஷ விசாவ நம்பி அந்த ஊர்ல என்ன பண்ணுவ? வேல போச்சுன்னா? பரீட்சைய எழுதும்மா. லேட்டானாலும் எங்கிட்ட வந்துடு.” அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஏஜெண்டும் நல்லவர்தான். “அப்ளிகேஷன் உங்க பேர்லதான இருக்குது, சார் பேர மட்டும் எடுத்துட்டா போதும்” என்றார், மெதுவாகத்தான் சொன்னார்.

நான் பரீட்சையும் எழுதவில்லை, வட்டார வழிக்குக் கையெழுத்தும் போடவில்லை. ஏஜெண்ட் முன்பே என் பெயரைப் பதிந்து வைத்திருந்ததால் மாநிலம் கூப்பிட்டு அனுப்பியது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்போதும் சும்மா இருந்தேன். லேபில் பல்லுக்குப் பல் நிறம் பார்த்துக்கொண்டே இருப்பேன், கை தானாக வேலை செய்யும், மனசு எங்கேயோ மிதக்கும்.

ஏஜெண்டைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் ஒருநாள் நெய்வேலி தாண்டியதும் கண் அசந்துவிட்டேன். ஒரு ஆறு, நம் மணிமுத்தாறு மாதிரிதான், ஆனால் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். ஓரத்தில் திராட்சைப் பந்தல் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கும் ஆளே இல்லை, வெயில் மட்டும் மஞ்சளாக நிற்கிறது. பந்தல் முடிகிற இடத்தில் உங்கள் வண்டி, பழைய பெயிண்டோடு. நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர். முகம் தெரியவில்லை, தோளில் மயில் இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“ஒம்பொண்டாட்டி எப்ப வருவான்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது?” என்றீர்கள். கோபமே இல்லை உங்கள் குரலில். நான் வாயைத் திறந்தேன். “யம்மா, பாண்டி வந்துடுச்சு, எறங்குங்க” என்றார் கண்டக்டர்.

இறங்கினேன், ஏஜெண்டிடம் போகவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி, நேரே கொளஞ்சியப்பரிடம் போனேன்.

“என் மேல கட்டுன பிராத நானே வாபஸ் வாங்கலாங்களா?”

“அது எப்பிடிம்மா? கட்டுனவரு வரணும்.”

“அவரு இல்லீங்க.”

சீட்டுக்காரர் பேனாவை மூடிவைத்தார். “அப்ப அவரு புள்ள வரலாம். கேட்டது நடந்துடுச்சா?”

“நான் முடிவு எடுத்துட்டா நடந்துடும்.”

“எடுக்க வேண்டியதுதானம்மா?”

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கே புரிந்தது. ரேஷன் கார்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். விண்ணப்பத்திலும் எடுத்துவிட்டார்கள். நீங்களும் நானும் சேர்ந்து இருக்கிற காகிதம் இனி அந்தப் பிராது ஒன்றுதான், நீங்கள் வாதி, நான் எதிராளி. நான் முடிவு சொன்னால் வழக்கு முடிந்துவிடும். முடிந்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் நடுவில் பிறகு என்ன இருக்கிறது? இத்தனை நாள் இழுத்தது பயத்தினால் இல்லை. உங்களை விட மனசு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். வட்டார வழிக்குத்தான். உங்களுக்காக மட்டும் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதீர்கள். அண்ணன் வீட்டுப் பக்கத்தில் பாவப்பட்ட தங்கச்சியாக இருப்பதைவிட, ‘எங்களுக்குப் பல் செய்ய ஆள் இல்லை, வா’ என்று கூப்பிடுகிற ஊருக்குப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. பயமா? நிறைய இருக்கிறது. அண்ணனிடம் சொன்னபோது முதலில் கத்தினார், பிறகு ‘ஏர்போர்ட்டுலேருந்து மில்டுரா பஸ் ஏத்திவிட நான் வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்றார்.

நேற்று தேனுவைக் கூட்டிக்கொண்டு போய் வாபஸ் வாங்கினேன். அதே சீட்டுக்காரர்தான். அவளைப் பார்த்துச் சிரித்து, “வழக்குல ஜெயிச்சது யாரும்மா?” என்று கேட்டார்.

“எங்கப்பா” என்றாள்.

நான் எதிராளி, நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நன்றாக அழுதேன். தேனு என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். மில்டுராவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால், யார் பார்த்தாலும் சரி, பைத்தியம் என்று நினைத்தாலும் சரி, அந்த வெயிலில் நின்று உங்களுக்குச் சத்தமாகச் சொல்வேன்: லோடு எறங்கிடுச்சுங்க. ஒண்ணும் ஒடையல.

வழக்கில் தோற்ற,
உங்கள் வீட்டுக்காரி, தேனுவின் அம்மா