இடது கைக்கு ஓர் உறை

மே 3, சனி

இன்று காலை பத்தேகாலுக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இடது கை என்று முடிவு செய்தேன். நான் பார்த்த பழைய ஓவியங்களில் அரசர்கள் வலது கையில் வேட்டைப் பறவையை ஏந்தியிருக்கிறார்கள். இங்கிலீஷ் புத்தகங்கள் இடது கை என்கின்றன. இரு தரப்பையும் விசாரித்தேன். நான் வரலாற்று ஆசிரியன். வலது கை சாக்பீஸ் பிடிக்கிற கை, இந்தக் குறிப்பை எழுதுகிற கை. அதற்கு ஆபத்து வரக் கூடாது. ஆகவே பறவை இடது கையில் அமரும்.

வடசேரியில் வெல்டிங் கையுறை வாங்கினேன். ஒற்றையாகத் தரமாட்டார்களாம். வலது கையுறையைப் பிளாஸ்டிக் உறையோடு மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஷைஜா கேட்டாள்: "இறைச்சிய எந்தக் கையில குடுப்பிய?"

"வலது கையில்."

"அப்போ உறைய அந்தக் கைக்கில்லா போடணும்?"

என் மனைவி இருபது வருடமாகத் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கே இப்படித்தான் கேள்வி கேட்பார்கள் போல.

பறவை பின்வராந்தாவில், அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. என் பழைய மாணவன் பெனினுக்கு இராஜாக்கமங்கலத்தில் மீன் குளம். குளத்துக்கு மேலே கட்டியிருந்த நைலான் வலையில் நேற்று ஓர் இளம் வல்லூறு, ஊர்ப் பேச்சில் பிராப்பிடியன், சிக்கியது. போன் செய்தான். "சாரே, ஒரு பிராப்பிடியனாக்கும். கழுத்தத் திருகட்டா, உங்களுக்கு வேணுமா?" இரண்டையும் ஒரே குரலில் கேட்டான்.

வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லவில்லை.

மே 4

சமையலறைத் தராசில் பறவை நூற்று எண்பத்தாறு கிராம், துணியில் சுற்றி. பெண் பறவை. சுற்றிய துணியை எடுத்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். என்னைக் கொல்ல விரும்புகிற நூற்று எண்பத்தாறு கிராம். பழைய தோல் செருப்பை அறுத்துக் காலுக்கு வார் கட்டினேன். கையில் ஏற்றியதும் பறந்தாள், வார் இழுத்தது, தலைகீழாகத் தொங்கி இறக்கையால் என் முழங்கையை அடித்தாள். தூக்கி வைத்தேன். மறுபடி விழுந்தாள். நாற்பத்தொரு முறை. எண்ணினேன்.

சமையலறை நாட்காட்டியில் ஷைஜாவும் எண்ணுகிறாள். என் காலைச் சர்க்கரை: 214.

மே 6

நிபுணர் கிடைத்தார். கோட்டாறில் கோழிக்கடை வைத்திருக்கும் ஹசன், கத்தாரில் ராஜாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டேன்.

"எடை போடுகது."

"வேறே?"

"வேற ஒண்ணும் இல்ல சாரே. மருந்து குடுத்ததில்ல, பறத்துனதில்ல. காலைல தராசுல வச்சு எழுதுவேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. கொழுத்தா ஓடிரும். மெலிஞ்சா செத்துரும். நடுவுல ஒரு அஞ்சு கிராம் இருக்கு பாருங்க, அதுலதான் அது உங்களுக்க பறவை."

பதினொரு வருடத்தில் இவ்வளவுதானா? நான் எட்டு புத்தகம் படித்திருக்கிறேன்.

மே 9

இதுவரை பறவைக்குக் காடையை ஹசன் அறுத்துத் தந்தார். இன்று உயிரோடு வாங்கிவந்தேன். கழுத்தை ஒடிக்கும்போது தீக்குச்சி ஒடியும் சத்தம்தான். ஆனால் கால்கள் செய்தியை நம்ப மறுத்து நடந்துகொண்டே இருந்தன. எட்டு புத்தகங்களில் எதிலும் இந்தக் கால்கள் இல்லை.

காடையின் தலையை நீட்டினேன். முதன்முறையாகக் கையில் உட்கார்ந்து தின்றாள். கண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.

மே 14

171 கிராம். மூன்று மணி நேரம் கையிலேயே இருந்தாள்.

மே 20

தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். தென்னைகளிலிருந்து நாற்பது காகங்கள் இறங்கின. அவளை விட்டுவிட்டு என் தலையைக் கொத்தின, ரத்தம் காதுவரை வந்தது. துணி காயப்போடும் கம்பை எடுத்து வீசினேன். ஒரு காகம் செத்து விழுந்தது. இரண்டாவது அடி தேவையே இல்லை. அடித்தேன்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறேன். பக்கத்து வீட்டு ராஜகுமார் மதிலுக்கு மேலாகக் கேட்டார்: "என்ன வேய், பால் கடைக்கும் போலீஸ் நிக்கா?"

மே 29

164. தூண்டில் கயிற்றில் கட்டி இருபது மீட்டர் பறக்கவிட்டேன். கைக்கு வந்தாள்! ஷைஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பசிக்கி. வருது," என்றாள். காலைச் சர்க்கரை 240 என்றும் சொன்னாள்.

ஜூன் 7, சனி

கயிறு இல்லாமல் முதல் நாள். 161. வீட்டுக்குப் பின்னால் தரிசு வயலில் மைனாக்கள் இருந்தன. கையை வீசினேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு மைனா தரையில் இருந்தது, அவள் அதன்மேல் இருந்தாள்.

வல்லூறு முதலில் கொல்வதில்லை. பிடித்துக்கொள்கிறது, பிறகு தின்ன ஆரம்பிக்கிறது. மைனா கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து இறகைப் பிய்த்தாள், அப்புறம் தோலை. வளர்ப்பவன் ஓடிப்போய் மைனாவின் உயிரை முடிக்க வேண்டும், அதுதான் முறை. நான் ஓடினேன். அருகில் போய் நின்றேன். நின்று பார்த்தேன்.

எவ்வளவு நேரம்? – தெரியவில்லை. கத்தல் நிற்கும்வரை. எனக்கு ஏன் வாயில் எச்சில் ஊறியது?

ஜூன் 11

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் யார் என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அவர்கள்தான் கவனிக்கிறார்கள். கல்வித்துறைக்கு எழுதலாமா?

ஜூன் 16

154. ஒரே மாலையில் மூன்று மைனா. மூன்றாவதை அவள் தின்னவில்லை, நான் தின்னவிடவில்லை. வெறும் கொலை.

ஹசனிடம் எண்ணைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நூத்தி அறுபதுக்குக் கீழ எதுக்கு கொண்டுபோனிய? பசி முத்திட்டா அதுக்கு ஒங்க கையும் இறைச்சியாக்கும் சாரே. ராஜாளிக்க காலுல மாட்டுன ஆளுவள நான் பாத்திருக்கேன்."

"பாத்தீங்களா, எடை போட்டீங்களா?" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

151.

மைனாவின் மேல் இருந்தாள். குனிந்து, வழக்கம்போல் இடது கையுறையை அருகில் வைத்து, வலது கையால் காடைக் காலை நீட்டினேன். காடைக் காலைப் பார்க்கவே இல்லை. கையைப் பிடித்தாள். பின்நகம் ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கியது, மற்றொரு காலின் நகம் நடுவிரலில். இழுத்தால் இறுகுகிறது. இழுக்காவிட்டாலும் இறுகுகிறது. உதறினேன் – வயலில் தனியாக நின்று உதறுகிறேன், ஒரு பறவை என் கையைத் தின்ன ஆரம்பிக்கிறது, கட்டைவிரல் தோல் நூலாகக் கிழிந்து வருகிறது, எனக்கு நினைவுக்கு வருவது ஐந்தாம் புத்தகத்தின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்: அசையாமல் இருக்கவும். அட சவமே, எப்படி அசையாம இருக்கது? அய்யோன்னு கத்தினேன். கேட்டது ஷைஜாவுக்குத்தான்.

ஓடிவந்தாள். பார்த்தாள். "கழுத்தத் திருகட்டா?"

"வேண்டாம்."

"கையி போயிரும்."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா!"

உள்ளே போய்க் கரண்டி எடுத்துவந்து, காம்பை நகத்துக்கு அடியில் கொடுத்து, ஒவ்வொன்றாக நெம்பினாள். நான்காவது நகம் எலும்பில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் நான் செய்த முதல் காரியம் பறவைக்கு நாற்பது கிராம் இறைச்சி கொடுத்தது.

ஜூன் 23

டாக்டரிடம் பனைமட்டைக் கருக்கு கிழித்துவிட்டது என்றேன். பறவை என்றால் எந்தப் பறவை என்பார். வல்லூறு என்றால் வனத்துறை. வனத்துறை என்றால் ஷைஜாவின் வேலை. சங்கிலி தெளிவாக இருந்தது. அவர் தோலைக் கழுவி, மருந்து தடவிக் கட்டினார். பனைமட்டை ஆழமாகப் போகாது என்பதால் அவரும் ஆழமாகப் போகவில்லை.

"சுகர் உண்டா?"

"கொஞ்சம்."

ஜூன் 26

சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. விரல்கள் நேந்திரம்பழம்போல இருக்கின்றன. பறவை 166, அருமையாக இருக்கிறாள்.

ஜூன் 28

கட்டைப் பிரித்தபோது வாசனை வந்தது. ஷைஜா ஜன்னலைத் திறந்தாள்.

"உள்ளத டாக்டர்ட்ட சொல்லுங்க. எனக்க வேலைய நான் பாத்துக்கிடுகேன்."

நாளை ஞாயிறு. திங்கட்கிழமை போகலாம் என்றேன். அவள் ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நான் சொல்ல, ஷைஜா எழுதுகிறாள். எதையும் மாற்றமாட்டேன் என்று உறுதி தந்திருக்கிறாள்.

சனிக்கிழமை வந்ததுமே அறுவை மருத்துவரிடம் முழுவதையும் சொன்னேன்: வலை, வல்லூறு, மைனா, சட்டம். ராஜாளி ஏந்திய அரசர்களைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: எத்தனை நாள் ஆச்சு? ஆறு நாள் என்றேன். வேறு எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டார்கள். ஷைஜா போட்டாள்.

ஆறு நாள். வந்த அன்றைக்கு சர்க்கரை 341. இது நான் எழுதினது. – ஷைஜா

ஜூலை 19, சனி

வீடு. எழுத்து கோணலாக இருக்கிறது. ஒரு வரிக்கு நான்கு நிமிடம் ஆகிறது.

நான் இல்லாத நாட்களில் ஷைஜா பறவைக்கு வயிறு நிறையப் போட்டிருக்கிறாள். புதன்கிழமை ஹசன் வந்து எடை பார்த்திருக்கிறார்: 193. "இனி இது ஆருக்க பறவையும் இல்ல அக்கா," என்றாராம். ஷைஜா கத்தரிக்கோலால் வாரை வெட்டினாள். ராஜகுமார் வீட்டு அயனி மரத்தில் கொஞ்ச நேரம் இருந்ததாம். காகங்கள் வந்தன. அப்புறம் இல்லை.

காலைச் சர்க்கரை 131.

இழுப்பறையைத் திறந்து வலது கையுறையை எடுத்தேன். பிளாஸ்டிக் உறையை ஷைஜா பிரித்துத் தந்தாள். போட்டுப் பார்த்தேன். மூன்று விரல்களுக்குச் சரியாக இருக்கிறது.