ஊரையே கலராக்கிய மச்சானுக்கு

என் அருமை சேகர் மச்சானுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. சௌக்கியமா என்று உன்னைக் கேட்க முடியாது. உன் மேல் எனக்கு இப்போது கோபம் இருக்கிறது, அதைவிடச் சந்தேகம் ஜாஸ்தியாக இருக்கிறது. விஷயத்தைச் சொல்கிறேன், கேள்.

சிதம்பரத்தில் நாம் கடை திறந்த நாளிலிருந்து ஓட்டிய பிரிண்டர் ஆனி மாதம் மண்டையைப் போட்டது. புதிது வாங்கினேன். அதற்கு நம் பழைய சாஃப்ட்வேர் ஆகாதாம். வேறு வழியில்லாமல் புது சாஃப்ட்வேர் போட்டேன்.

பழையதில் என் விரல் தானாகப் போகும், உனக்குத் தெரியுமே. கஸ்டமரோடு வாயடித்துக்கொண்டே எட்டு பாஸ்போர்ட் சைஸ் அடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். புதியதில் பிரிண்ட் என்கிற பட்டனே மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. திறந்ததும் என் போன் நம்பரைக் கேட்கிறது. போட்டோ அடிக்க என் நம்பர் எதற்கு மச்சான்? எதை அழுத்தினாலும் ‘நிச்சயமாகவா?’ என்று வேறு கேட்கிறது. நான் அதைச் சந்தேகப்படும் முன்பே அது என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அது எல்லார் முகத்தையும் கறுப்பாக அடித்தது. கிள்ளையிலிருந்து வரும் டீச்சர், “என்னங்கண்ணா, கரிச்சட்டி மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க? போன தடவ எவ்ளோ கலரா இருந்துச்சி!” என்று சண்டைக்கு வந்தார். பண்ருட்டி பலாப்பழ வியாபாரி கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது எங்க அண்ணன் போட்டோங்க, மாத்திக் குடுத்துட்டீங்க” என்றார். அவரை எதிரே உட்கார வைத்து நான் எடுத்த படம் அது!

மையை மாற்றினேன், பேப்பரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்னையே படமெடுத்து அடித்து, அதன் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். கையும் படமும் ஒரே நிறம்தான். அப்போதும் நான் நம்பவில்லை. இந்த சாஃப்ட்வேர் ஏதோ உள்குத்து பண்ணுகிறது என்றே முடிவு கட்டினேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கச்சி கலா கடலூரிலிருந்து போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை உனக்கு வருஷத் திதி. கூடத்தில் மாட்டப் பெரிய படம் வேண்டுமாம். “அவரு மூஞ்சி அவரு மூஞ்சியாவே இருக்கணும்ண்ணா. இனிமே நான் பாக்கப் போறது அது ஒண்ணதான்” என்றாள். தெருவில் போகிறவர் முகத்தையே மாற்றுகிற சனியனிடம் உன் முகத்தை எப்படிக் கொடுப்பேன்?

சர்வீஸுக்கு ஸ்டெல்லா என்று ஒரு பெண் வந்தாள். அவளிடம் எகிறினேன். அவள் மூலையில் கிடந்த நம் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். அது திறக்கவே அரைமணி நேரம் ஆனது.

“அண்ணா, புதுசு எதையும் தொடல. உள்ளத உள்ளபடி அடிக்குது. பழசுலதான் யாரோ வேல பண்ணி வெச்சிருக்காங்க.”

காட்டினாள். பிரிண்டுக்குப் போகிற ஒவ்வொரு படத்திலும், தோலை மட்டும் இரண்டு படி வெளுக்கிற மாதிரி ஒரு செட்டிங். பெயர் இங்கிலீஷில் KALA. நம் இருவரைத் தவிர யாரும் தொடாத கம்ப்யூட்டர் அது. கலர் என்று அடிக்க வந்து பாதியில் விட்டுவிட்டாய் போல என்று நினைத்தேன். அப்புறம் அதைப் போட்ட தேதியைக் காட்டினாள். கலாவைப் பெண் பார்க்க விருத்தாசலத்துக்காரர்கள் வந்தார்களே, அதற்கு முந்தின வாரம்.

ஞாபகம் இருக்கிறதா மச்சான்? வந்தவர்கள் கலாவைப் பார்த்துவிட்டு, “போட்டோவுல கலரா இருந்துச்சே, நீங்களே ஸ்டுடியோ வெச்சிருக்கீங்க, வேலையக் காட்டிட்டீங்க” என்று எழுந்து போய்விட்டார்கள். நான் கோயில் வாசலில் நின்று, அந்தப் படத்தை மவுஸால்கூடத் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினேன். நீ பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாய். அடப்பாவி!

அதே வருஷம் நீயே அவளைக் கட்டிக்கொண்டாய். இனிமேல் மாப்ளே என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னார்கள். எனக்குக் கடைசிவரை மச்சான்தான் வாயில் வந்தது. அந்த மச்சானா என்னை இத்தனை வருஷம் ஏமாற்றினான்?

உன் படத்தைப் பழையபடி வெளுத்து ஒன்று, புதியதில் உள்ளபடி ஒன்று எனத் தயார் பண்ணிக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினேன். தேவனாம்பட்டினம் ரோட்டில் இறங்கும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். கலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தெரியும்ண்ணா” என்றாள்.

“என்னாது?”

“கல்யாணமாகி மறுமாசமே சொல்லிட்டாரு. பொண்ணு பாக்க வர்றவுங்களுக்காக மொதல்ல எடுத்த போட்டோவுல கறுப்பா இருக்கேன்னு நான் கடையிலயே அழுதேன் இல்ல? என் ஒருத்திக்கு மட்டும் வெளுத்துக் குடுத்தா எனக்கு உறைக்குமாம். அதான் வர்றவுங்க எல்லாருக்கும் சேத்துப் போட்டுட்டாராம்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ சத்தியம் பண்ணிட்ட இல்ல? அது பொய்ச் சத்தியம்னு தெரிஞ்சா மொட்ட போடக் கெளம்பிடுவியாம்.”

அவள் ஒருத்தி அழக்கூடாது என்று ஊரையே வெளுத்திருக்கிறாய். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். சிரிப்பதா, உன்னை நாலு சாத்து சாத்துவதா என்று புரியவில்லை. சாத்தவும் நீ இல்லை.

கலா இரண்டு படத்தையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளுத்த படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இது யாரோ மாதிரி இருக்கு. என்னக் கட்டிக்கிட்ட கருப்பன் இவருதான்” என்று மற்றதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உன்னை அவ்வளவு தேடுது மச்சான்.

ஆனாலும் ஒரு சந்தேகம் போகவில்லை. நேரில் பார்த்ததும் அந்த விருத்தாசலத்துக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் அவளை வெளுத்தாயா? அப்போதே அவள் மேல் உனக்கு ஒரு கண் இருந்ததா? கலாவைக் கேட்டால், “போண்ணா” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை உன் படம் உள்ளபடியேதான் மாட்டப்படும். அதற்கு நான் பொறுப்பு. கடையிலும் இனிமேல் யாராவது வாய்விட்டுக் கலரா வேண்டும் என்று கேட்டால்தான் வெளுப்பேன், கேட்காமல் ஒரு முகத்தையும் தொட மாட்டேன். உன் படத்தின் இன்னொரு பிரதியை என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டப் போகிறேன். கண்ணுக்கு எதிரே இருந்தால்தான் உன்னை நம்பலாம்.

இப்படிக்கு,
உனக்காகவும் சேர்த்து மொட்டை போடப்போகிற
உன் மச்சான் முருகவேல்