காட்டாமணக்குக் கொட்டை

பாஞ்சாலிக்கு, உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். போனில் உனக்குக் காது கேட்பதில்லை என்று, நான் சொல்லச் சொல்ல மேஸ்திரி நந்தகுமார் எழுதுகிறார்.

சாலவாக்கத்துத் தோட்டத்தில் காட்டாமணக்கு காய்த்துவிட்டது. டீசலுக்கு எண்ணெய் ஆட்டுகிற கொட்டை. ஆடுகூட வாய் வைக்காது, காவல் சுலபம். போன வாரம் ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். நாம் முதன்முதலில் கடலை போட்ட வருஷத்து ருசி. இன்னும் நாலு தின்றேன். பிறகு வாந்திதான்.

"இன்னா பெருசு, லாரிக்கு ஊத்தறத நீ துன்னுக்கினு கீற?" என்று மேஸ்திரி சிரித்தார். இப்போது ஒன்றுமில்லை.

நம் கடலைக் கொல்லையிலும் இதையே நடப்போவதாகத் தினகரன் சொன்னான். மகன் இஷ்டம், நடட்டும். அங்கே கடைசியாக விளைந்த கடலையில் ஒரு படி அனுப்பு.

மேஸ்திரிக்குப் பஸ் வந்துவிட்டது. கடலையை வறுத்துவிடாதே. இங்கே கொட்டகை ஓரம் கொஞ்சம் மண் சும்மா கிடக்கிறது.

ஏகாம்பரம்