நீலச் சுவரில் பச்சைத் திட்டு

அன்பு மகள் தாமுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோர் உடம்பும் சுகம், அந்த ஜப்பான் குளிரில் உன் உடம்பும் சுகமாக இருக்க வேண்டும். என் மனசுதான் சுகமில்லை. உன் அம்மா போனில் ஏதாவது சொல்லியிருப்பாள், நீயும் சிரித்திருப்பாய். சிரித்தது போதும், நடந்ததைக் கேள்.

உன் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் படகேறி வருகிறார்கள், முன்கூடத்தில் உன் அப்பா படத்துக்குப் பின்னால் இருக்கும் நீலச் சுவரோ போன மாச வெள்ளத்தில் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து கிடந்தது. ஆள் கூப்பிடலாம் என்றாள் உன் அம்மா. நான் எதற்கு இருக்கிறேன்? சா டெக் கோயில் டிராகனுக்குச் செதில் செதிலாக நிறம் கொடுத்தவன் நான், அதைப் பார்த்து நிஜப் பாம்பே பயந்து ஓடியது ஊருக்கே தெரியும். உதிர்ந்ததைச் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் கடைக்கார ஆறாம் அண்ணனுக்குப் போன் போட்டு ஸான் நிறத்தில் ஒரு டப்பா அனுப்பச் சொன்னேன். இலை ஸானா, வான ஸானா என்று கேட்டாராம். படகு எஞ்சின் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்டது, ஆமாம் ஆமாம் என்றேன். பச்சையை அனுப்பிவிட்டார். இலைப் பச்சைக்கும் வான நீலத்துக்கும் ஸான் என்று ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனது நம் முன்னோர், அதற்கு நானா பொறுப்பு? டப்பாவைத் திறந்தபோதே பச்சையாகத்தான் தெரிந்தது. ஈரத்தில் எந்தப் பெயிண்டும் வேறு மாதிரிதான் தெரியும், காய்ந்தால் தன் நிறத்துக்கு வரும் என்பது என் அனுபவம். காய்ந்தது, இன்னும் பச்சையானது.

உன் அம்மா பார்த்துவிட்டு, "சுவத்துல ஆகாயத்தாமரை மெதக்குது, துடுப்பு கொண்டாரட்டுமா கொழுந்தனாரே" என்றாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வந்த உன் மூன்றாம் மாமா, வாத்தியார் வேலை பார்த்த மிடுக்கோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒத்தச் சொல்லைச் சரியாக் கேட்டு வாங்கத் தெரியல, இவரு சம்பந்தி முன்னால என்னத்தப் பேசிக் கிழிப்பாரு? அப்பா ஸ்தானத்துல நானே நிக்கிறேன்" என்றார். பெயிண்டைப் பற்றிப் பேசட்டும், என் பெண்ணைப் பற்றிப் பேச இவர் யார்? அண்ணன் போன பிறகு உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனது யார்? காய்ச்சலில் உன்னைத் தோளில் வைத்து ஆற்றை நீந்திக் கடந்தேன். படகில்தான் போனோம் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே. அப்போது இந்த மாமா எந்தக் கரும்பலகையில் என்ன நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்?

பிறகு வான நீலம் வரவழைத்துப் பச்சைமேல் அடித்துவிட்டேன். பழைய சுவர் வெளிறியிருப்பதால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, சிவப்புத் துணி மூடிய வெற்றிலை பாக்குத் தட்டுகளை முன்னால் அடுக்கினால் யாருக்கும் தெரியாது. சுவர் அடங்கிவிட்டது, மாமா அடங்கவில்லை. யார் நிற்பது என்று உன் அம்மாவைக் கேட்டால், "பொண்ணு சொல்லட்டும்" என்று நழுவுகிறாள்.

ஆகவே நீ சொல். மாமாதான் என்றால் என்னிடம் நேராகச் சொல்லிவிடு, பின்கட்டில் வாத்து உரித்துக்கொண்டிருப்பேன், முகத்தைத் தூக்கி வைக்க மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத் தருகிறீர்களா என்று கேட்கும்போது, உன்னை வளர்க்காத ஒரு வாய் தருகிறோம் என்று சொல்வதை என்னால் அடுப்படியிலிருந்து கேட்க முடியாது, வாத்தோடு ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணன் ஆசியும் என் ஆசியும் உன் தலைமேல் இருக்கும். நான்தான் என்றால் மறக்காமல் ஞாயிறு காலை உன் அம்மாவுக்குப் போன் போடு, மாமா காபி குடிக்க வரும் நேரம், ஸ்பீக்கரில் போடச் சொல்.

உன் ஐந்தாம் சித்தப்பா
லுவாம்