வெங்காயச் சருகு நிறத்தில் ஓர் அறை

இன்று காலை பழங்காநத்தம் கடைத்தெருவில் ஒரு காய்கறிக் கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தினேன். உள்ளே சின்ன வெங்காயத்தை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் பறந்து வந்த சருகு ஒன்று என் முன்கையில் ஒட்டியது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் செம்பு, நடுவில் வெளிறிய ரோஸ், நரம்பு நரம்பாக லேசான பழுப்பு. “ஏய், இங்க பாருடி” என்று பின்சீட்டுப் பக்கம் திரும்பியே விட்டேன். பின்சீட்டில் மடித்து வைத்த பை மட்டும் இருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “எம்புட்டுக்கா வேணும்?” என்றார். வீட்டில் வெங்காயம் நிறையக் கிடக்கிறது. வெட்கத்துக்கு அரைக்கிலோ வாங்கிக்கொண்டு, சருகைப் பெயிண்ட் ஷேடு கார்டுக்குள் செருகி வைத்தேன்.

உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நேற்று உன் வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். அடுத்த வாரம் உன் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறார். தாய் இல்லாத தாய்வீடு. “அவ அம்மா ரூம்லதான் இருப்பா, அதுக்கு ஒரு கலர் சொல்லிருங்கம்மா. அம்மாக்காரி தீட்டுன அந்த நாலு கட்டமும் சுவத்துல அப்படியே கெடக்கு. பிள்ள வந்து அதப் பாத்து அழுகக் கூடாது. சீக்கிரமே அடிச்சாத்தான் பெயிண்ட் வாட போகும்” என்றார். சரியண்ணே என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நம் இத்தனை வருடத் தொழிலில் நான் தனியாக ஒரு சுவருக்கு நிறம் சொன்னது, நீ போன பிறகுதான். அதுவும் ஊரார் சுவர். இது உன் சுவர்.

நம்முடைய முறை உனக்கும் எனக்கும் மட்டுமே புரிந்த கிறுக்குத்தனம். கம்பெனிக்காரன் கார்டில் போட்டிருக்கும் பெயர்களை நாம் வாயால்கூடச் சொன்னதில்லை. காய்ந்த சோளத்தட்டை, பிஞ்சு வெள்ளரிக்காயின் உள்பக்கம், நாவல்பழம் தின்ற நாக்கு, வெங்காயச் சருகு, நீராகார வெள்ளை என்று எல்லாவற்றுக்கும் நாமே பெயர் வைத்தோம். பெயர் வைக்காத நிறத்தை வாங்கியதில்லை. மூன்று நான்கு நிறங்களைச் சுவரில் செய்தித்தாள் அகலத்துக்குத் தீட்டிவிட்டு, காலை வெளிச்சத்திலும் சாயங்கால வெயிலிலும் டியூப் லைட்டிலும் பார்ப்போம். பிறகு சுவருக்கு எதிரே நின்று, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டுவோம். இரண்டு விரலும் ஒரே கட்டத்தைக் காட்டினால் வேலை ஆரம்பம். இல்லாவிட்டால் சண்டை.

சண்டை வந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். செல்லூர் சந்துகளில் சாயம் ஏற்றிய நூலை மூங்கிலில் காயப்போட்டிருப்பார்கள். நீ அதன் நடுவே புகுந்து கார்டை விரித்துக்கொண்டு நிற்பாய். “ஈரத்துல ஒரு கலரு, காஞ்சா ஒரு கலரு. சுவத்தையும் காஞ்ச பெறகு பாத்துட்டுப் பேசுடி” என்பாய். நான் எப்போதும் வெளிறிய நிறத்துக்கே விரலை நீட்டுவேன். நீ அழுத்தமான நிறத்துக்கு. “ஒனக்கு வெயிலக் கண்டா பயம். அதான் எல்லாத்தையும் வெளுக்கப் பாக்குற” என்று கேலி செய்வாய். கூரைக்கு நான் நீராகார வெள்ளை கேட்டால் போச்சு, “மேல மட்டும் ஏன்டி ஆஸ்பத்திரி?” என்று ஆரம்பித்துவிடுவாய். பாதி நாள் நீ ஜெயிப்பாய். மீதி நாள் பசி வந்து ஜெயிக்கும்.

உசிலம்பட்டி வீடு ஞாபகம் இருக்கிறதா? காடு கரையெல்லாம் வைத்திருந்த குடும்பம். புதிதாக மாடி கட்டியிருந்தார்கள். அந்த வீட்டம்மா போனில் ஒரு சாம்பல் நிற ஹாலின் படத்தைக் காட்டி, “அச்சு அசலா இப்படியே வேணும், ஓட்டல் மாதிரி” என்றார். நீ படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மொதல்ல ஒங்க பீரோவத் தொறங்கக்கா” என்றாய். அவர் முழித்தார். சேலைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினோம். ஒன்றுகூடச் சாம்பல் இல்லை. “இதுல நீங்க அடிக்கடி எடுத்துக் கட்டுறது எது?” என்று கேட்டாய். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன ஒரு அரக்குச் சேலையை அவர் நீட்டினார். அதன் முந்தி, அறுத்துப் போட்ட சோளத்தட்டை காய்ந்து கிடக்கும் நிறம். அவர்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் தெரிவதும் அதுதான். நாம் எண்ணினோம், நீட்டினோம். இரண்டு விரலும் முந்தியில் போய் முட்டிக்கொண்டன. “என்னத்தா, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைக மாதிரி வெளையாடுறீக!” என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது.

இரண்டு விரலும் ஒத்துப்போன கடைசிச் சுவர் அதுதான். வேலை நடந்துகொண்டிருந்தபோது நீ உன் அறையில் நான்கு கட்டம் தீட்டிவிட்டு, “வந்து வெரல நீட்டு” என்று போன் செய்தாய். மறுநாளே காய்ச்சல். பார்க்க வருகிறேன் என்றதற்கு, “ஒட்டிக்கிரும், வராத. எந்திரிச்சதும் பாப்போம்” என்று நீதான் தடுத்தாய். அடுத்து நான் உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அங்கே எண்ணவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வேலைகளை எல்லாம் நானே பார்க்கிறேன். நான் ஒரு நிறம் சொன்னால், “சூப்பர் மேடம்” என்கிறார்கள். இன்னொன்று சொன்னால் அதற்கும் சூப்பர். ஒருத்தராவது முகத்தைச் சுளிக்க மாட்டார்களா என்றிருக்கிறது. போன மாதம் பெயிண்டரிடம் வாய் தவறி, “நாவல்பழ நாக்கு ஒரு லிட்டர்” என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய், “நம்பரச் சொல்லுங்க மேடம்” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். இரண்டு பேர் பேசிய மொழியில் இப்போது ஒருத்திதான் மிச்சம். நான் அதை யாரிடம் பேச?

உன் அறை அப்படியே இருக்கிறது. வடக்குச் சுவரில் கட்டிலுக்கு அந்தண்டை வெள்ளரிப் பிஞ்சு, சோளத்தட்டை, நாவல் நாக்கு. மேற்கு ஜன்னலை ஒட்டி இந்தண்டை வெங்காயச் சருகு. அண்ணன் காப்பியை வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார். நான் சுவருக்கு எதிரே நின்றேன். வெட்கமாக இருந்தாலும் மனதுக்குள் எண்ணிவிட்டு விரலை நீட்டினேன். வெள்ளரிப் பிஞ்சு. பிள்ளை பெற்ற உடம்புக்கும் மதுரை வெயிலுக்கும் குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். நீட்டிய விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இன்னொரு விரலுக்காகக் காத்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

“அதா?” என்றார் அண்ணன்.

“ஏன்ணே?”

“எனக்குக் கலரப் பத்தி என்னம்மா தெரியும். காய்ச்சல்ல கெடந்தப்ப அவ இந்த ஜன்னப் பக்கமாத்தான் திரும்பிப் படுப்பா. சாயங்காலம் வெயில் விழுந்ததும் இந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு இருப்பா.” வெங்காயச் சருகைத் தொட்டுக் காட்டினார். “ஒரு நா தானாச் சிரிச்சா. என்னான்னு கேட்டேன். ‘அவ இத ஒத்துக்க மாட்டா. சண்டைக்கு வருவா. வரட்டும், வச்சுக்கிறேன்’னா.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னை ஒருத்தி எதிர்த்துப் பேசியிருக்கிறாள். அண்ணன் எதையோ எடுக்கப் போவது போலச் சமையலறைப் பக்கம் போய்விட்டார். நல்ல மனிதர். நான் சுவரைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். அடர்த்தி அதிகம் என்றேன். சின்ன அறை, அடைத்தாற்போல இருக்கும் என்றேன். கைக்குழந்தை இருக்கப்போகிற இடம் என்றேன். எல்லாம் நியாயமான பேச்சு. நீ இருந்திருந்தால், “சாயங்காலம் வரைக்கும் இருந்து பாரு” என்று ஒரே வார்த்தையில் என்னை உட்காரவைத்திருப்பாய். அதனால் இருந்தேன்.

வெயில் இறங்கி ஜன்னல் வழியாகச் சாய்ந்தது. வெள்ளரிப் பிஞ்சு சோகை பிடித்தாற்போல வெளுத்துப்போனது. வெங்காயச் சருகில் வெளிச்சம் பட்டதும் கட்டில், தலையணை, என் கை எல்லாவற்றிலும் அந்தச் சாயல் ஏறியது. உன் மகள் இந்த வெளிச்சத்தில் குழந்தையோடு படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கார்டுக்குள் இருந்த சருகை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எது சுவர், எது சருகு என்று தெரியவில்லை. பெயிண்டருக்குப் போன் செய்து நம்பரைச் சொன்னேன். நாலு பக்கமும் ஒரே நிறம் என்றேன். அண்ணனிடம், “அவ எடுத்ததுதான்ணே” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஆக, நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் சண்டையை நான் இதோடு விடுவதாக இல்லை. கூரைக்கு நாளை நீராகார வெள்ளைதான் அடிக்கப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லேன். ஒரே ஒரு தடவை சொல்லேன்டி.