எதிர்வழி ஓடும் சிறுதிங்கள்

பெருவட்டரின் நிழலில் தழைத்து, ஏழு திங்கள்களையும் குடையாகக் கொண்ட ஆலவட்ட நாட்டு வேந்தர் கடலேறு கோமகனாரின் திருவாய்ச்சொல்லால், முதலமைச்சர் நன்னாகன், கற்குன்றக் கோட்டைத் தலைவர் வயிரமேக அரையருக்கு விடுக்கும் ஓலை. நும் சுனைகள் வற்றாதிருக்க. நாம் இடித்தது போக மிஞ்சிய நும் மதில்கள் நிலைத்திருக்க.

பத்தாண்டுகளுக்கு முன், கோட்டை வீழ்ந்த அன்று, ஆறு வயது எயினியாரை நும் மடியிலிருந்து பிணையாகக் கொண்டுவந்தோம். பதினாறு நிரம்பியதும் அவர் விரும்பினால் திருப்பி அனுப்புவதாக வேந்தர் வாக்களித்தார். அதை நினைவூட்டி நீர் எழுதினீர். விடை இதோ.

நம் வானில் பாதியை அடைத்து நிற்கும் பெருங்கோளாகிய பெருவட்டரை ஏழு திங்கள்கள் ஒரே திசையில் சுற்றிவருவது நீர் அறிந்ததே. பெருங்கணி அந்துவனார் அண்மையில் எட்டாவது ஒன்றைக் கண்டார். கருணைக்கிழங்கு போலக் கோணல்மாணலான சிறு திங்கள். தம் வாரிசாக வளர்த்த எயினியாரின் பெயரை அதற்குச் சூட்ட வேந்தர் அவையைக் கூட்டினார்.

அந்துவனார் கிழவர், சூது தெரியாதவர். அவர் வாயைக் கிளறியது இளவரசியே. அவை எழுத்தர் குறித்தபடியே அச்சொற்களைத் தருகிறோம்.

“ஏன் கணியாரே, என் திங்கள் மட்டும் எதிர்ப்பக்கமா ஓடுதாமே? அவ்வளவு திமிரா?”

“திமிரில்ல தாயி. அது இந்த வீட்டுப் பிள்ளையே இல்ல. வழியோட போனதைப் பெருவட்டர் இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கார்.”

“விட்டா போயிடுமா?”

“விட்டா போயிடும்.”

யாரிடம் என்ன சொன்னோம் என்பது கிழவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வேந்தர் சினக்கவில்லை, சிரித்தார். நம் கோட்டை வாயிலைத் திறக்கவும் ஒரு குதிரைக்குச் சேணம் பூட்டி அவைமுன் நிறுத்தவும் பணித்தார். மகள் போனால் கணியன் சொன்னது மெய், அவனுக்குப் பொற்கிழி உண்டு என்றும், நின்றால் அவன் கண்டது பொய், அக்கண்களை மகளே அவித்துவிட வேண்டும் என்றும் அருளினார்.

கிழவர் இளவரசியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“போயிடு தாயி! உங்க அப்பா வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. உனக்கு வீடு, எனக்குக் கண்ணு. போயிடும்மா!”

எயினியார் குதிரையருகே சென்று கடிவாளத்தைத் தொட்டார். அந்துவனாருக்கு உயிர் வந்தது. இளவரசியோ குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அரியணைக்குப் பக்கத்தில் உள்ள தம் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரும்பைக் காய்ச்சச் சொன்னார்.

முதற்கண்ணில் அவர் கை நடுங்கியது. இரண்டாவதில் நடுங்கவில்லை.

இவ்வோலையுடன் வருபவர் அந்துவனாரே. ஐயம் இருப்பின் அவரையே கேட்டுக்கொள்ளும், சோறிட்டு வைத்துக்கொள்ளும். எயினியாரைக் கேட்டு இனி ஓலை வரலாகாது. அவர் பட்டம் ஏற்கும் நாளில் கோட்டையெங்கும் விளக்கேற்றிவிட்டு, நீரே திறையுடன் வந்து அவர் அடி வணங்குக.

எழுதி முடித்ததும் இளவரசி இதை வாங்கிப் படித்தார். ‘நும் மகள்’ என்று நாம் எழுதியிருந்த இடங்களையெல்லாம் தம் கையாலேயே கீறி அடித்துத் திருத்தினார், அடித்தல்களைக் காண்பீர். அன்னைக்கு ஏதேனும் சொல்லியனுப்ப வேண்டுமா என்று வினவினோம். யாருடைய அன்னைக்கு என்று கேட்டார்.

இது கட்டளை. அரக்கில் பதிந்துள்ள முத்திரை அவருடையது.