பதிமூன்றாம் தேதிக்கு மேல் தப்பில்லை

அக்கா,

காலையில் பூஜை அலமாரியைத் துடைக்கலாம் என்று சாமி படங்களை இறக்கினேன். கீழே விரித்திருந்த தாளை எடுத்துத் திருப்பினால், ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக உங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் பேப்பர். எண்ணெய்க் கறை படிந்து, விபூதி ஒட்டி, அந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஆர்டர் நம்பர், பக்கத்தில் டெலிவரி தேதி, அதன் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் பென்சிலில் போட்ட டிக்கும் பெருக்கல் குறியும். துணியைக் கையில் பிடித்துக்கொண்டு முருகன் முன்னால் நின்று கோபப்பட்டேன். கும்பிடுகிற இடத்தில் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பட்டேன்.

வேலம்பாளையத்து லைன் வீட்டில் நம் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு குழாய்தான். தெற்கே இருந்து குடும்பத்தோடு வந்த நீங்கள், பனியன் கம்பெனி ஆபீஸில் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்குப் போனீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். குழாயில் தண்ணீர் வந்த நாள், சிலிண்டர் மாற்றிய நாள், பால் வேண்டாம் என்று சொன்ன நாள், விரத நாள், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள். என் நோட்டு தீர்ந்துபோனதைப் பார்த்து, ஆபீஸில் கழித்துப் போட்ட தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஒரு பக்கம் உங்கள் கம்பெனி, மறுபக்கம் என் வீடு.

“தண்ணி வந்ததுக்குமா கணக்கு? எந்தக் கோர்ட்டுல கொண்டு காட்டப் போறிய தங்கச்சி?”

“எழுதி வெச்சாத்தானுங்க அக்கா நாளைக்குப் பேச முடியும்.”

“பூனையைத் தொரத்தும்போதும் ‘போங்க’ன்னுதான் சொல்லுவியளோ இந்த ஊர்ல?”

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்தான் அந்த ஜூன் மாதத்தில் வாயடைத்துப் போனீர்கள்.

ஜூன் ஏழாம் தேதி கொடுக்க வேண்டிய ஒரு ஆர்டர். நீங்கள் 07/06 என்று ஏற்றினீர்கள். கட்டிங்குக்குப் போன பட்டியலில் அது ஜூலை ஆறு என்று அச்சாகியிருந்தது. யாரும் அவசரப்படவில்லை. ஏழாம் தேதி வந்தது, துணி இன்னும் வெட்டக்கூட இல்லை. ஆர்டர் கை நழுவிவிட்டது. மேனேஜர் உங்கள் மேஜைக்கு வந்து, பழைய பதிவு முழுக்கத் திருத்தச் சொன்னார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினீர்கள். ஒவ்வொன்றுக்கும் ‘சேவ்’ ஆகிவிட்டது என்று திரையில் வந்தது. மறுநாள் பட்டியல் எடுத்தால் ஒரு தேதிகூட மாறவில்லை.

“ஏனுங்க, செய்யலீன்னா செய்யலீன்னு சொல்லிருங்க. திருத்திட்டேன்னு பொய் சொல்லாதீங்க.”

எல்லார் முன்னாலும் சொன்னாராம். ‘ங்க’ போட்டே ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு விட்டாரா? எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்றார். ‘தேதிகளைத் தவறாகப் பதிந்தேன். திருத்திவிட்டதாகப் பொய் சொன்னேன்.’ கீழே உங்கள் கையெழுத்து. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள்.

“தப்பு செஞ்சிருப்பேன் தங்கச்சி. பொய் சொல்லல. கர்த்தருக்குத் தெரியும்.”

கர்த்தருக்குத் தெரிந்தது இருக்கட்டும், மேனேஜருக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் டைரியைக் கொண்டுவரச் சொன்னேன். டெலிவரி தேதிகளை முதலில் அதில்தான் கையால் குறித்து வைப்பீர்கள். நீங்கள் டைரியை வாசிக்க, நான் அச்சடித்த பக்கத்தில் சரிக்கு டிக், தப்புக்குப் பெருக்கல் போட்டுக்கொண்டே வந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. மூன்றாவது தாளில் என் கை நின்றது.

“அக்கா, பதிமூணாந்தேதிக்கு மேல ஒண்ணுகூடத் தப்பில்லீங்க. தப்பெல்லாம் பன்னெண்டுக்குள்ளதான்.”

“அதெப்படி? நான் எல்லாத்தையும் ஒண்ணு போலதான அடிக்கேன்?”

“மாசம் பன்னெண்டுதானுங்களே. பன்னெண்டுக்குள்ள இருந்தா அது நாளை மாசம்னு எடுத்துக்குது. பதினெட்டுன்னு ஒரு மாசம் இல்லாததால பதினெட்டாந்தேதி தப்பிச்சிருச்சு.”

தாளை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தீர்கள். அழுத முகத்தோடேயே சிரித்தீர்கள். “எட்டாங்கிளாஸு! ஒங்களைக் கொண்டு அந்த மேனேஜர் சீட்டுல உக்கார வைக்கணும்.”

அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த சாப்ட்வேர்காரர் கோயம்புத்தூரிலிருந்து வருகிற நாளில் தாள்களைச் சுருட்டிக்கொண்டு உங்கள் கூடவே வந்தேன். அவர் பட்டியலைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்களாம், புரோகிராமும் அப்படியே படிக்கிறதாம், கவனிக்காமல் விட்டுவிட்டாராம். சரி, அக்கா திருத்தியது ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்.

“டேட்டாபேஸ்ல ஒரு ரூல் எழுதியிருக்கேனுங்க. பழைய ஆர்டரை மாத்தச் சொல்லிக் கேட்டா, கேட்டதை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா ‘ஒண்ணும் செய்யாதே’ன்னு அதுவே மாத்தி எழுதிக்கும்.”

“அப்புறம் எதுக்குங்க சேவ் ஆயிருச்சுன்னு சொல்லுது?”

“எரர் வந்தா ஆளாளுக்கு எனக்குப் போன் பண்ணுவாங்க. அதனால அப்படி வெச்சேனுங்க.”

“அந்த ரூலை யாருங்க போடச் சொன்னது?”

“பழசுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு மேனேஜர்தானுங்க.”

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பூட்டச் சொன்னது அவர். பூட்டியதை மறந்து, திற என்று உங்களை ஏவியது அவர். திறக்கவில்லை என்று பொய்க்காரிப் பட்டம் கட்டியதும் அவர். பொய் சொன்னது அந்த மெஷின். எழுதிக் கொடுத்தது நீங்கள். சாப்ட்வேர்காரர் இரண்டையும் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்துவிட்டார், நான் காபி குடித்து முடிப்பதற்குள். உங்கள் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுக்க மட்டும் மேனேஜருக்குக் கை வரவில்லை.

“எடுத்தரலாமுங்க. மொதலாளி வரட்டுங்க.”

முதலாளி வந்தார், போனார். நீங்கள் கேட்டபோதெல்லாம் “ஆகட்டுங்க” என்றார் மேனேஜர். கேட்டதை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தார். அதே ஃபைல் இருக்கிற அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து ஒன்றரை வருடம் வேலை பார்த்தீர்கள். அப்புறம் உடம்புக்கு முடியாமல் ஊருக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை. அந்தக் கடிதம்தான் உங்களைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் பஸ் ஏறுகிற அன்றைக்குக்கூட, “அதை மட்டும் வாங்கி வச்சிருங்க தங்கச்சி” என்றுதானே சொன்னீர்கள்?

உங்கள் அடக்கம் முடிந்த பிறகு மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

“அவங்களே போயிட்டாங்களேங்க. இனி எதுக்குங்க அது?”

“அவங்க போயிட்டாங்க. அவங்க பொய்க்காரின்னு எழுதுனது உங்ககிட்ட இருக்குதுங்களே.”

“ஆகட்டுங்க, பார்க்கலாம்.”

“ஆகட்டுங்கறது வேண்டாமுங்க. முடிஞ்சா எடுத்துக் கொடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.”

அவரால் இரண்டும் முடியவில்லை. பேனாவை மூடினார், திறந்தார்.

உங்களால் எனக்கு ஒரு கெட்ட பெயர் வந்திருக்கிறது, அக்கா. ஏலச்சீட்டில் சேரச் சொன்னாலும் சரி, கல்யாணத்துக்கு முதல் நாளே வரச் சொன்னாலும் சரி, முன்னெல்லாம் “ஆகட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுவேன். இப்போது முடியாததை முடியாதுங்க என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன். திமிர் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். தேதி எழுதும்போது மாதத்தை எண்ணில் எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

கிருத்திகை தோறும் கோயிலுக்குப் போகிற வழியில் உங்கள் கம்பெனி வாசலில் இறங்குகிறேன். கேட்கிறேன். அவர் சொல்வதை வீட்டுக்கு வந்து, நீங்கள் கொடுத்த தாளின் மறுபக்கத்தில், தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பதினொரு வரி ஆகிவிட்டது. பதினொன்றிலும் ‘ஆகட்டுங்க’தான். அலமாரியிலிருந்து எடுத்த தாளை விபூதி தட்டி அந்தக் கட்டோடு சேர்த்துவிட்டேன். வருகிற கிருத்திகைக்குப் போகும்போது கட்டையும் கையில் எடுத்துப் போகிறேன். அவர் மேஜையில் வைத்து, அவர் கண் முன்னாலேயே பன்னிரண்டாவது வரியை எழுதப் போகிறேன்.